பார்ட்னர் ‘ஒன் ஹார்ட்’ என்கிறார், நீங்கள் என்ன சொல்ல வேண்டும்?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஓப்பன் செய்வதை, அதாவது ஏலத்தில் முதல் அழைப்பைச் சொல்வதை, பலரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பார்ட்னர் ஓப்பன் செய்தபின் பதில் சொல்லும் இடத்தில்தான் கையைப் பார்த்து விழிக்கிறார்கள். இங்கே அந்த முதல் பதிலை மட்டும் பார்ப்போம். முறை ஸ்டாண்டர்ட் அமெரிக்கன்: மேஜரில் (ஸ்பேட், ஹார்ட்) ஓப்பன் செய்தால் ஐந்து சீட்டு, ஒன் நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்றால் 15-17 பாயிண்ட். எதிரணி பாஸ் சொல்லிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் எண்ணுங்கள். ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1. ஒன்றில் ஓப்பன் செய்த பார்ட்னரிடம் ஏறக்குறைய 12 முதல் 21 வரை இருக்கும். ‘கேம்’ (போனஸ் தரும் அளவு), அதாவது மேஜரில் நான்கு, அல்லது மூன்று நோட்ரம்ப், எடுக்க இருவருக்கும் சேர்த்து 25 வேண்டும். ஆகவே 6-க்குக் கீழே பாஸ், 6-9 சுமாரான கை, 10-12 ‘வர்றீங்களா?’ என்று அழைக்கும் கை, 13-ம் அதற்கு மேலும் கேம் நிச்சயம்.

அப்புறம் ஒரே ஒரு விதி. பார்ட்னர் சொன்ன சூட்டையோ (சூட் என்பது ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்ற சீட்டு இனம்) நோட்ரம்ப்பையோ சொன்னால், உங்கள் பலத்தைச் சொல்லிவிட்டீர்கள். அவர் பாஸ் செய்யலாம். புது சூட் சொன்னால் அது கேள்வி. அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். வாயைத் திறக்கும் முன் இதில் எதைச் செய்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

மேஜர் சேருகிறதா? பார்ட்னர் ஒன் ஹார்ட். உங்கள் கை:

ஸ்பேட்: 8, 3
ஹார்ட்: கிங், 9, 6, 4
டைமண்ட்: ஏஸ், 10, 7, 5
கிளப்: 8, 4, 2

பாயிண்ட் 7. அவரிடம் ஐந்து, உங்களிடம் நான்கு, மொத்தம் ஒன்பது துருப்பு. சேரும் சூட் கிடைத்துவிட்டதால் ஸ்பேடில் இரண்டே சீட்டு இருப்பதும் லாபம்தான், அதற்கு 1 கூட்டி 8. டூ ஹார்ட் சொல்லுங்கள். மூன்று துருப்பு இருந்தாலே இதைச் சொல்லலாம். 10-12 இருந்தால் த்ரீ ஹார்ட்.

13-க்கு மேல் இருந்தால் ‘ஃபோர் ஹார்ட்’ என்று தாவத் தோன்றும். தாவாதீர்கள். வழக்கத்தில் அந்தத் தாவல் ஐந்து துருப்பும் கொஞ்சம் பாயிண்டும் உள்ள பலவீனமான கையைக் குறிக்கும். பலமான கையில் முதலில் புது சூட் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றில் கேமுக்குப் போங்கள்.

சேரவில்லையா? ஒன்றின் மட்டத்தில் (‘ஒன்’ என்று தொடங்கும் அழைப்பில்) புது சூட் சொல்ல நான்கு சீட்டும் 6 பாயிண்டும் போதும். மேல் வரம்பு இல்லை. 18 இருந்தாலும் அவசரப்படாமல் இதையே சொல்லலாம். பார்ட்னர் ஒன் டைமண்ட் சொல்லி, உங்களிடம் நான்கு ஹார்ட், நான்கு ஸ்பேட் இருந்தால் ஒன் ஹார்ட் சொல்லுங்கள். அவரிடம் நான்கு ஸ்பேட் இருந்தால் அவரே சொல்வார். இரண்டும் ஐந்து ஐந்தாக இருந்தால் மட்டும் ஸ்பேட் முதலில்.

சிக்கல் இரண்டின் மட்டத்தில்தான். பார்ட்னர் ஒன் ஸ்பேட், உங்களிடம்:

ஸ்பேட்: 7
ஹார்ட்: கிங், ஜாக், 9, 8, 6, 4
டைமண்ட்: குயின், 5, 3
கிளப்: 9, 6, 2

ஆறு ஹார்ட்டைப் பார்த்ததும் டூ ஹார்ட் சொல்லக் கை துறுதுறுக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் உங்களிடம் 10-க்கு மேல் இருப்பதாக அர்த்தம். 15 பாயிண்ட் வைத்திருக்கும் பார்ட்னர் நம்பிக் கேமுக்குப் போவார், உங்களிடம் இருப்பதோ வெறும் 6. இங்கே பதில் ஒன் நோட்ரம்ப். கை நோட்ரம்ப்புக்கு ஏற்றதாக இல்லையே என்றால், ஆமாம், இல்லைதான். இந்த இடத்தில் அது ‘6-9, வேறு வழியில்லை’ என்ற செய்தி. பார்ட்னர் ஸ்பேடையோ வேறு சூட்டையோ சொன்னால், முடிந்தவரை இரண்டின் மட்டத்திலேயே நின்றுகொள்ளலாம்.

ஓப்பனிங் ஒன் நோட்ரம்ப் என்றால் கதை மாறும். அவர் கையைச் சொல்லிவிட்டார், இனி முடிவு உங்களுடையது. மேஜர் எதுவும் நீளமாக இல்லையென்றால் 7 வரை பாஸ், 8-9 டூ நோட்ரம்ப், 10-15 நேராக மூன்று. நான்கு சீட்டு மேஜரும் 8 பாயிண்டும் இருந்தால் டூ கிளப் சொல்லி அவரிடம் மேஜர் உண்டா என்று கேளுங்கள்; இது ஸ்டேமன். ஐந்து ஹார்ட் இருந்தால் டூ டைமண்ட், ஐந்து ஸ்பேட் இருந்தால் டூ ஹார்ட். பார்ட்னர் அதற்கு அடுத்த சூட்டைச் சொல்வார். இந்த டிரான்ஸ்ஃபருக்கு பாயிண்டே வேண்டாம். பூஜ்யம் இருந்தாலும் மாற்றிவிட்டு பாஸ் சொல்லலாம்.

ஓப்பனிங் டூ கிளப்பாக இருந்தால் மட்டும் பூஜ்யக் கையோடும் பாஸ் கிடையாது. அது மிகப் பலமான கை, கிளப்போடு சம்பந்தமே இல்லாமல்கூட இருக்கலாம். டூ டைமண்ட் சொல்லிவிட்டு அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று காத்திருங்கள்.