லாரி பழக வருகிறவர்கள் முதலில் நிறுத்தப் பழகுங்கள்

என்னிடம் லாரி பழக வருகிறவர்களின் கை நேரே கியருக்குத்தான் போகும். நான் உடனே சாவியைக் கொடுப்பதில்லை. முதலில் வண்டியைச் சுற்றி நடக்கச் சொல்வேன். டயர், வீல் நட், விளக்குகள், அடியில் எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்க்க வேண்டும். பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கின் அடியில் ஒரு வால்வு இருக்கும். அதைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். தேங்கினால் வால்வுகள் கெடும், கடுங்குளிரில் உறைந்தும் போகும்.

அடுத்தது ஏர் பிரேக். கார் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். காரில் பிரேக்கைத் தள்ளுவது எண்ணெய், கனரக லாரியில் காற்று. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஏர் மீட்டரின் முள் ஏறும்வரை பொறுமையாக இருங்கள். பெரும்பாலான வண்டிகளில் காற்றழுத்தம் சுமார் 8 பார் (அழுத்தத்தின் அலகு) வந்ததும் 'புஸ்' என்று காற்றைக் கக்கும்; டேங்க் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஏறத்தாழ 4 பாருக்குக் கீழே போனால் அலாரம் கத்தும். பார்க்கிங் பிரேக் தலைகீழ்: ஸ்பிரிங் பிடித்து வைத்திருக்கும், காற்றுதான் விடுவிக்கும். அதனால் ஏர் குறைந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். வண்டி நகரவில்லையா? ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, காற்று சக்கரம்வரை போய்ச்சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அரை விநாடி என்றே வையுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும். முன்வண்டிக்குப் பின்னால் இடைவெளி விடச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான். பெடலைக் குத்திக் குத்தி அடிப்பதும் வேண்டாம், ஏர் வீணாகும்.

காலியான மைதானத்தில் நிறுத்துவது கைவந்த பிறகு கியருக்குப் போகலாம். கியர் பாக்ஸ் பழைய மாதிரியாக இருந்தால் டபுள் கிளட்ச் தேவைப்படும்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி கிளட்ச், கீழ் கியர். காது இன்ஜின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் கை தானாகப் போகும். அதுவரை கரகரவென்று சத்தம் வரும், வரட்டும்.

இறக்கத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் லோடு தள்ளும்போது குறைக்கப் பார்த்தால், கியர் விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடலாம். எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போடுங்கள். கால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தின் பிரேக் டிரம் சூடாகி, அதை உரசி நிறுத்தும் லைனிங் பிடிப்பை இழக்கும். அப்போது பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. வேகம் கூடும்போது உறுதியாக மிதித்து, குறைந்ததும் விட்டுவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடச் சொல்லும் அண்ணன்கள் நிறைய இருக்கிறார்கள், கேட்காதீர்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் இறங்கும்போது டீசல் நின்றுவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும்.

திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். அதனால் சற்று முன்னே போய் ஸ்டியரிங்கை ஒடியுங்கள். உள்பக்கக் கண்ணாடியில் கண் இருக்கட்டும், பைக் ஒன்று அங்கே நுழைந்திருக்கும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது அவசரமே வேண்டாம். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பின்னால் ஆள் நின்று கைகாட்டினால், அவர் கண்ணாடியில் மறைந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். ரிவர்ஸில் ட்ரெய்லர், நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு எதிர்ப்பக்கம் போகும் என்பதால், சாதாரண லாரியில் ரிவர்ஸ் நன்றாகப் பழகிய பிறகு அதைத் தொட்டால் போதும்.