பெரிய மரத்தை மெஷின் ரம்பத்தால் பத்திரமாகச் சாய்ப்பது எப்படி?

புதிதாக ரம்பம் பிடிக்கிறவர்களுக்கு எவ்வளவு வேகமாக அறுக்கிறது என்பதில்தான் கண். ஆனால் மரம் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நிதானமாக விழும் என்பதெல்லாம் அடிமரத்தில் வெட்டுகளுக்கு நடுவே அறுக்காமல் விட்டுவைக்கும் ஒரு மெல்லிய மரப்பகுதியின் கையில் இருக்கிறது. அதைக் கீல் என்பார்கள். கதவுக் கீல் போலத்தான், அது இருக்கும்வரை மரம் ஒரே திசையில்தான் மடங்க முடியும். கீழே சொல்லப்போகும் வெட்டுகள் எல்லாம் அந்தக் கீலைச் சரியாக அமைப்பதற்காகத்தான்.

உடுப்பும் மெஷினும்

ரம்பச் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சாதாரண பேன்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ரம்பக்காரர்களுக்கென்று வரும் பாதுகாப்புக் கால்சட்டைக்குள் நீளநீளமான நார் அடுக்குகள் இருக்கும். சங்கிலி பட்டதும் அந்த நார் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி, மெஷினையே நிறுத்திவிடும். இதோடு முகத்திரை வைத்த தலைக்கவசம், காதுமூடி, கெட்டியான பூட்ஸ், கையுறை. இவற்றில் எது இல்லையென்றாலும் அன்றைக்கு வேலை வேண்டாம்.

கிளப்பும்போது மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக் (சங்கிலியை ஓடாமல் நிறுத்தும் பூட்டு) போட்டு, பின் கைப்பிடிக்குள் பூட்ஸ் நுனியை அழுத்தி வைத்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். ஒரு கையில் தொங்கவிட்டபடி இழுப்பது பார்க்க லாவகமாக இருக்கும், ஆபத்தும் அதில்தான். பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி வந்து கிளப்புங்கள். அறுக்கும்போது சீவல் சீவலாக வந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவு மாதிரி தூள் வந்தால் அரம் போட வேண்டிய நேரம்.

இன்னொன்று. பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகட்டின்) மூக்கு நுனியின் மேல்பாதி எதிலாவது இடித்தால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால் இடது கட்டைவிரல் எப்போதும் முன் கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும். தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்காதீர்கள்.

மரத்தைச் சுற்றி வாருங்கள்

சாய்வைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தூரத்தில் நின்று அடிமரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் கிளைகளின் பாரம் எந்தப் பக்கம் அதிகம், காற்று எங்கிருந்து அடிக்கிறது, மேலே பட்ட கிளை ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டினால் ‘டொம்’ என்று கூடான சத்தம் வருகிறதா? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே உளுத்திருக்கலாம். உளுத்த மரத்தில் கீல் நிற்காது.

உயரம் தெரியவேண்டுமானால் ஒரு குச்சி போதும். கண்ணிலிருந்து கை முஷ்டி வரை உள்ள தூரமே குச்சியின் நீளமாக, முஷ்டிக்கு மேல் நிற்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், நுனி உச்சியோடும் பொருந்தும்வரை பின்னால் நடங்கள். சமதரையில் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே கிட்டத்தட்ட மரத்தின் உயரம். அதில் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. அதற்காகத் தனியாகவும் போகாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் இடத்தில் ஒருவர் வேண்டும்.

மின்கம்பிக்குப் பக்கத்து மரம், கவையாகப் பிளந்த மரம், உங்கள் பாரின் நீளத்தைவிடப் பருத்த மரம், ஒரே பக்கம் நன்றாகச் சாய்ந்த மரம்: இவற்றை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள். சாய்ந்த மரத்தில் பின்வெட்டு (விழும் பக்கத்துக்கு எதிரே கடைசியாகப் போடும் வெட்டு) முடிவதற்குள் அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறி அடிக்கலாம். அந்த இடத்தில் நிற்பவர் தப்புவது கடினம்.

ஓடும் வழி

மரம் விழும் திசைக்கு நேர் பின்னாலும் போகக் கூடாது, பக்கவாட்டிலும் கூடாது. பின்பக்கமாக 45 டிகிரி கோணத்தில், இடம் வலம் இரண்டிலும் வழி வேண்டும். கொடி, கல், சுள்ளி எல்லாவற்றையும் முன்னாலேயே அகற்றி, ஒரு தடவை நடந்தும் பாருங்கள்.

வாய் வெட்டு

விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய், அதாவது ஆப்பு வடிவப் பள்ளம், எடுக்க வேண்டும். பல மெஷின்களின் மேல்மூடியில் பாருக்குச் செங்குத்தாக ஒரு கோடு இருக்கும். அது காட்டும் இடத்தில்தான் மரம் விழும் என்று வைத்துக் குறி பாருங்கள். மேலிருந்து சரிவாக, விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்வரை அறுங்கள். பிறகு கீழிருந்து அறுத்து அதோடு சேருங்கள். வாய் 70 டிகிரியாவது திறந்திருக்கட்டும். வாய் மூடும்போது கீல் முறியும், அதனால் அகலமான வாய் என்றால் மரம் பெரும்பாலும் தரையைத் தொடும்வரை கீல் தாங்கும்.

இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சந்திப்பதுதான் இங்கே முக்கியம். ஒன்று மற்றதைத் தாண்டிப் போனால் அந்தச் சின்னச் சந்து முதலில் மூடிக்கொள்ளும், கீல் பாதியிலேயே முறியும், மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். துண்டை எடுத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கோடு சுத்தமாக இல்லையென்றால் சீவிச் சரிசெய்யுங்கள்.

பின்வெட்டு

எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் உள்கோட்டைவிட 2 அல்லது 3 செ.மீ. உயரத்தில், கிடைமட்டமாக. கீலின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 50 செ.மீ. மரத்துக்கு 5 செ.மீ. அது இரு ஓரத்திலும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு ஓரம் மெலிந்தால் மரம் தடித்த பக்கமாக இழுத்துக்கொள்ளும். எனவே அடிக்கடி நிறுத்தி இரு பக்கமும் பாருங்கள்.

பார் முழுவதும் உள்ளே போய், பின்னால் கொஞ்சம் இடம் கிடைத்ததுமே பிளாஸ்டிக் ஆப்பைச் செருகுங்கள். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பல் போகும், துண்டும் தெறிக்கும். மரம் பின்னால் உட்கார்ந்து பாரைக் கவ்வுவதைத் தடுப்பதும், தேவைப்பட்டால் முன்னே தள்ளிவிடுவதும் ஆப்புதான். கீல் அளவு வந்ததும் அறுப்பதை நிறுத்துங்கள். மரம் இன்னும் நிற்கிறதா? ஆப்பை அடியுங்கள், கீலை அறுக்காதீர்கள்.

மரம் அசைந்ததும்

பிரேக்கைப் போட்டுவிட்டு, தயார்செய்த வழியில் விலகுங்கள். மெஷின் மாட்டிக்கொண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். விழுவதை வேடிக்கை பார்க்க அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், அடிமரம் பின்னால் உதைக்கலாம். விழுந்தபிறகும் உடனே திரும்பிப் போகாமல் மேலே பாருங்கள். முறிந்த கிளைகள் பக்கத்து மரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும், கொஞ்சம் தாமதித்துத்தான் விழும்.

பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நின்றுவிட்டால், அதன் அடியில் போகாதீர்கள். தாங்கும் மரத்தை வெட்டவோ, மேலே ஏறவோ, இன்னொரு மரத்தை அதன்மேல் சாய்க்கவோ வேண்டாம். சுற்றிலும் ஆள் வராதபடி தடுத்துவிட்டு, தூரத்திலிருந்து வின்ச்சால் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவியால்) இழுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.