லீக்ஸ் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் சாயங்கால சூப் வண்டி போடுகிறவன் நான். உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு லீக்ஸ் (அடியில் தடித்த வெள்ளைத் தண்டும் மேலே பச்சை இலையுமாக இருக்கும் வெங்காய வகைக் காய்) தேடுகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையேதான் அவர்களும் அடிக்கிறார்கள். மடலுக்குள் மண் இருக்கும், கழுவ வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தரம் பல்லில் நறநறத்தால் தானாகத் தெரிந்துவிடும்.

பச்சை இலையை வெட்டிப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். மார்க்கெட்டில் எனக்கு முன்னால் ஒரு பையன் நின்றான், புதிதாக வண்டி போட்டவன். அரைக் கிலோ கேட்டான். கடைக்காரர் முழுத் தண்டையும் எடை போட்டுக் காசை வாங்கிக்கொண்டார். அப்புறம்தான், "மேல வெட்டிடவா?" என்றார். பையன் தலையாட்டினான். ஒரே வெட்டு, பாதிச் சரக்கு தரையில். மாடு ஒன்று வந்து இழுத்தது. (வெங்காய வகை மாட்டுக்கு ஆகாது. நிறையத் தின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அது தனிக் கதை.)

"முழுசுக்கும் காசு கொடுத்துட்டு பாதியை விட்டுட்டுப் போறியே தம்பி?"

"யூடியூப்ல வெள்ளை மட்டும்தாண்ணே போடுறாங்க."

அந்த வெள்ளை எப்படி வருகிறது? செடி வளர வளர அடித்தண்டைச் சுற்றி மண் அணைப்பார்கள். வெயில் படாததால் பச்சையம் பிடிக்காமல் வெளுத்து, மெத்தென்று இருக்கும். ருசிக்கு வெள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் உடம்புக்கு என்று வாங்குகிறவர் வெயில் பட்ட பக்கத்தை அல்லவா முதலில் எடுத்து வைக்க வேண்டும்? உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின், விழித்திரையில் சேரும் லூட்டின், ரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே எல்லாம் பச்சையில்தான் அதிகம். அடித்தண்டும் கீழ் இலையுமாக 100 கிராம் எடுத்தாலே வைட்டமின் கே சுமார் 47 மைக்ரோகிராம் இருக்கும். மேல் இலையைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இலை நாராக இருக்கிறது என்பார்கள். நீளவாக்கில் அரிந்தால் நார்தான். குறுக்கே, கீரை அரிகிற மாதிரி பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்குங்கள். நான் சொன்ன சத்துகள் மூன்றும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். எங்கள் வீட்டில் சுறாப்புட்டுக்குச் சின்ன வெங்காயத்தில் பாதியைக் குறைத்து இதைப் போடுவோம். சுறா வாடைக்கும் இதற்கும் நல்ல பொருத்தம். ரொம்ப முற்றிய வெளி இலையா? ஆட்டுக்கால் சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் எடுத்துவிடுங்கள்.

வேகவைத்து வடிப்பது

ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் வைட்டமின் சி-யும் தண்ணீரோடு போய்விடும். சாக்கடைக்குச் சத்து, உங்களுக்குச் சக்கை.

அரிந்த கையோடு சட்டியில் போடுவது

பத்து நிமிடம் விடுங்கள். பூண்டுக்குச் சொல்கிற அதே காரணம்தான்: அரிந்த பிறகுதான் கந்தகச் சத்து உருவாகும், சூடு அதை நிறுத்திவிடும்.

முதல் நாளே ஒரு கட்டு தின்பது

இதிலுள்ள ஃப்ரக்டான் நார் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. அதுவே பழகாத வயிற்றை ஊதவும் வைக்கும். ஐபிஎஸ் (IBS) என்கிற குடல் எரிச்சல் தொல்லை உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பகுதியில்தான் ஃப்ரக்டான் அதிகம், இலையில் குறைவு. இப்போது சொல்லுங்கள், அந்தப் பையன் எதை விட்டுவிட்டுப் போனான்?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள்

இதய வால்வு மாற்றிக்கொண்டு ஆசிட்ரோம் சாப்பிடுகிற பெரியவர் ஒருவர் தினமும் லீக்ஸ் சூப் வேண்டும் என்றார். வைட்டமின் கே திடீரென்று கூடினால் ஆசிட்ரோம், வார்ஃபரின் வகை மாத்திரையின் வேலை குறையும். இலையோடு வதக்கிப் போடுகிற என் சூப்பில் அது தாராளமாகவே இருக்கும். சாப்பிடவே கூடாது என்றில்லை, அளவு மாறாமல் இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் ஐயா, அதுவரை தரமாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு பக்கத்து வண்டிக் காளானுக்குப் போய்விட்டார்.