ஜாஸ் வாசிப்பவர் சாக்ஸபோன் ரீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

டெனர் சாக்ஸபோனுக்கு, வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸை ஓட்டோ லிங்க் நிறுவனத்தின் 7 ஸ்டார் அளவில் ஆசையோடு வாங்கி, பள்ளி பேண்டில் பழகிய அதே 3ஆம் எண் ரீட்டை (அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல் தட்டையை) அதில் கட்டி ஊதிப் பார்ப்பவருக்கு முதலில் கேட்பது சுரமாக இருக்காது; காற்றின் இரைச்சலாகத்தான் இருக்கும். தம் மூச்சில்தான் குறை என்று எண்ணி அவர் மேலும் மேலும் அழுத்தி ஊதுவார், உதட்டைக் கடித்துக்கொள்வார், ஒரு வாரத்தில் மவுத்பீஸையே வெறுத்துவிடுவார். உண்மையில் அங்கே மூச்சும் மவுத்பீஸும் பழுதில்லை. ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும்தான் பொருத்தமில்லை. எந்த ரீட் நல்லது என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. இந்த மவுத்பீஸுக்கு எது ஏற்றது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ஆகையால் மவுத்பீஸை முடிவுசெய்யாமல் ரீட்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

ரீட் என்பது அருண்டோ டோனாக்ஸ் என்னும் நாணல் இனத்தின் தண்டிலிருந்து சீவி எடுக்கப்படும் தட்டை. பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டியுள்ள வார் வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. அர்ஜென்டினாவிலும் இது பயிராகிறது. நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன; சாக்ஸபோனிலோ ஒரே தட்டை மவுத்பீஸின் விளிம்புக்கு எதிராக அதிர்கிறது. அதன் நுனியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். விளைபொருளாகையால் ஒரே பெட்டியில் வரும் ரீட்டுகளும் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. பத்து ரீட் உள்ள பெட்டியில் மூன்று நான்கு மேடைக்கு ஏற்றவையாகவும், இன்னும் சில சாதகத்துக்கு மட்டும் உதவுபவையாகவும் அமைந்தால், அதைக் குறைபாடுள்ள பெட்டி என்று சொல்வதற்கில்லை.

பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பலரும் ரீட்டின் தடிமன் என்று நினைக்கிறார்கள். ஒரே வகையைச் சேர்ந்த 2 அரையும் 3உம் ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. சீவிய பிறகு ஒவ்வொன்றும் வளைவதற்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்று அளந்து, அதன்படி பிரித்து எண்ணிடுகிறார்கள். ஆகவே எண் குறிப்பது விறைப்பைத்தான். இந்த எண்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஆரஞ்சு நிறப் பெட்டியில் வரும் ரிக்கோவின் 3, வான்டோரனின் 2 அரைக்கு அருகில்தான் நிற்கும். டடாரியோவின் செலக்ட் ஜாஸ் வகையில் ஒவ்வோர் எண்ணும் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரிகிறது. லா வோஸ் ரீட்டிலோ எண்ணே இல்லை. மென்மை, நடுத்தர மென்மை, நடுத்தரம் என்று சொற்களால் குறிக்கிறார்கள். நிறுவனத்தை மாற்றும்போது எண்ணையும் அப்படியே கொண்டுபோகாமல், நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மவுத்பீஸின் நுனிக்கும் ரீட்டின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியை டிப் ஓப்பனிங் என்பார்கள். தொடக்க மாணவர்களுக்கு டெனர் சாக்ஸபோனோடு வரும் யமஹா 4சி மவுத்பீஸில் அது 1.7 மில்லிமீட்டர், மேலே சொன்ன ஓட்டோ லிங்க் 7 ஸ்டாரிலோ 2.67 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் ரீட் ஒவ்வொரு அதிர்விலும் அந்தத் தொலைவை வளைந்து கடந்து திரும்ப வேண்டியிருக்கிறது. டெனரின் நடு ஏ சுரத்திலேயே அது நொடிக்கு ஏறக்குறைய 200 முறை நடக்கும் வேலை. இடைவெளி கூடக்கூட ரீட் மென்மையாக வேண்டும் என்னும் விதி இதிலிருந்தே பிறக்கிறது. 4சி மவுத்பீஸில் வான்டோரன் 3 சுகமாக இருந்தவருக்கு, 7 ஸ்டாரில் அதே நிறுவனத்தின் 2 அரையோ, தொடக்கத்தில் 2ஓ போதுமானதாக இருக்கும். டெனரைவிடச் சிறிய ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஜாஸ் கலைஞர்களிடையே புகழ்பெற்ற மேயர் 5 மவுத்பீஸின் இடைவெளி 1.8 மில்லிமீட்டர் அளவே என்பதால், அதற்கு 2 அரையிலோ 3இலோ தொடங்கலாம். மவுத்பீஸின் வளைவு எங்கே தொடங்குகிறது என்பதும் இதைப் பாதிக்கும். வளைவு நீளமாக இருந்தால் சற்றே விறைப்பான ரீட்டையும் அது தாங்கும்.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விறைப்பான ரீட்டில் ஊதுபவரே வித்துவான், எண் ஏறினால் தரமும் ஏறும் என்ற எண்ணம் சாக்ஸபோன் மாணவர்களிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானும் அதற்கு ஆட்பட்டு, ஓராண்டு முழுக்க 3 அரையோடு மல்லுக்கட்டிக் கீழ் உதட்டின் உட்புறத்தைப் புண்ணாக்கிக்கொண்டவன்தான். மேற்கத்திய மரபிசைக்கு ஒரே சீரான ஒலி வேண்டும். ஜாஸுக்கோ வளைந்து கொடுக்கும் ஒலி வேண்டும்: சுரத்தைக் கீழிருந்து வழுக்கி எடுக்க வேண்டும், முடிவில் சரியவிட வேண்டும், நாக்கு நுனியை ரீட்டின் மேல் மெல்லப் படியவைத்துச் சில சுரங்களைப் பாதி விழுங்க வேண்டும். அமெரிக்க ஜாஸ் டெனர் கலைஞர் பென் வெப்ஸ்டர் மெதுவான பாடல்களில், சுரத்தைவிட மூச்சுக்காற்றே முன்னால் கேட்கும்படி கீழ் ஸ்தாயியில் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு சப்டோன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பழகும் நிலையில் இருப்பவர் விறைத்த ரீட்டில் இவற்றையெல்லாம் செய்ய முயன்றால் உடம்பு முழுக்க வலிக்கும். அதற்காக மிக மென்மையான ரீட்டுக்குப் போனால் வேறொரு தொல்லை வரும்: மேல் ஸ்தாயியில் அழுத்தி ஊதும்போது ரீட் மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டு ஒலி அடைபடும், சுருதி இறங்கும், சுரம் மெலிந்து தகரத்தட்டுபோல் ஒலிக்கும். மேல் ஸ்தாயியைச் சுருதி குலையாமல் தாங்குகிற ரீட்டுகளில் எது மிக மென்மையானதோ அதுவே உங்களுக்குரியது என்பது என் கணிப்பு.

அடுத்தது சீவும் முறை. ரீட்டின் பட்டையும் சீவிய பகுதியும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். சில ரீட்டுகளில் அந்த வளைவுக்குப் பின்னால் பட்டையின் ஒரு கீற்றை நேர்கோடாக அரம்கொண்டு நீக்கியிருப்பார்கள்; இதை ஃபைல்டு கட் என்கிறார்கள். மற்றவற்றில் பட்டை வளைவு வரை அப்படியே வரும், அது அன்ஃபைல்டு. கீற்று நீக்கிய ரீட் தொட்டவுடன் பேசும், கீழ் ஸ்தாயியில் விரைந்து ஒலிக்கும். நீக்காதது சற்று எதிர்த்து நின்று அடர்த்தியான ஒலியைத் தரும். ஒலி மங்கலாக இருக்கும் ரப்பர் மவுத்பீஸுக்கு முதல் வகையும், ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கும் மவுத்பீஸுக்கு இரண்டாம் வகையும் பெரும்பாலும் பொருந்துகின்றன. ரிக்கோவின் ஆரஞ்சுப் பெட்டியும் லா வோஸும் நீக்காத வகை. செலக்ட் ஜாஸ் இரண்டு விதமாகவும் கிடைக்கிறது. வான்டோரன் நிறுவனத்தின் நீலப் பெட்டியில் வருவது மரபிசையை மனத்தில் கொண்ட ரீட். ஜாஸ் வாசிப்பவர்களுக்கென்று 1983இல் வந்த பச்சைப் பெட்டி ஜாவாவில், சீவிய பகுதி அகலமாக வளைந்து அதிர்கிறது. 1993இல் வந்த வி16 நுனியில் ஜாவாவைவிடக் கனமானது. தாளக்கட்டை அழுத்தமாகப் பிடித்து வாசிப்பவர்களுக்கு இதன் குத்து பிடிக்கும். ஜாவா மிகவும் நெகிழ்கிறது, நீலப் பெட்டி இறுகி நிற்கிறது என்று சொல்பவர்களை நான் முதலில் வி16 பக்கம்தான் அனுப்புவேன்.

வாங்கும்போது ஐந்து நிறுவனங்களின் ரீட்டுகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஒரே சீவலில், அடுத்தடுத்த இரண்டு எண்களில் மட்டும் வாங்குங்கள். மவுத்பீஸ், ரீட்டை அதோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டியான லிகச்சர், ரீட் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

சோதிக்கும் முறை இதுதான். ரீட்டை ஓரிரு நிமிடம் நீரிலோ வாயிலோ நனையுங்கள். அதன் நுனிக்கு மேல் மவுத்பீஸின் கருப்பு விளிம்பு மயிரிழை அளவு தெரியும்படி வைத்து லிகச்சரைப் பூட்டுங்கள். முதலில் நாக்கைப் பயன்படுத்தாமல், மூச்சை மட்டும் விட்டுக் கீழ் பி-பிளாட்டை மிக மென்மையாகத் தொடங்கிப் பாருங்கள். தாடையைத் தளர்த்தினால் சப்டோன் வர வேண்டும். காற்று மட்டுமே வந்தால் ரீட் விறைப்பு. பிறகு உள்ளங்கை விசைகளால் எழும் மேல் டி, ஈ, எஃப் சுரங்களைச் சுருதி காட்டும் கருவியான டியூனர் முன்னால் உரக்க நிறுத்திப் பாருங்கள். சுருதி சரிந்தாலோ ஒலி அடைந்தாலோ ரீட் மென்மை. மூன்றாவதாக, மனப்பாடமான ஒரு ப்ளூஸ் மெட்டை நடுத்தர வேகத்தில், சில சுரங்களை விழுங்கியும் சிலவற்றை அழுத்தியும் வாசியுங்கள். இதில் நாக்குக்கு வேலை மிகுதியாகத் தெரிந்தால், முதல் இரண்டு தேர்விலும் தேறியிருந்தாலும் அந்த ரீட்டை ஒதுக்கலாம். முதல் நிமிடத்தில் தீர்ப்பெழுத வேண்டாம். இருபது நிமிடம் ஈரமும் சூடும் ஏறிய பிறகு பல ரீட்டுகள் இளகிவிடும். மூன்று மீட்டர் தள்ளிக் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்து கேட்பதும் நல்லது. வாசிப்பவர் காதுக்கு எரிச்சலூட்டும் மெல்லிய கரகரப்பு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒலியின் விளிம்பாக மட்டுமே கேட்கும். அதைத் துடைத்தெடுத்த ரீட் டிரம்ஸும் பாஸும் சேர்ந்த குழுவில் காணாமல் போய்விடும்.

சோதனையில் சற்றே தவறும் ரீட்டை உடனே எறிந்துவிடாதீர்கள். மவுத்பீஸின் மேல் அதை அரை மில்லிமீட்டர் ஏற்றி வைத்தால் விறைப்பாகவும், இறக்கி வைத்தால் மென்மையாகவும் நடந்துகொள்ளும். மவுத்பீஸை வாயில் இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சற்றுத் திருப்பி ஊதிப் பாருங்கள்; ஒரு பக்கம் அடைத்தாற்போல் ஒலித்தால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். 600 எண் உப்புத்தாளால் அங்கே இரண்டு மூன்று இழுப்பு, நுனியையும் நடுவையும் தொடாமல் தேய்த்தால் சமன்படும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவே தெரியும் நிழல் இருபுறமும் ஒத்திருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் அழகான நிழலுள்ள ரீட் மோசமாக ஒலிப்பதும், கோணலானது அருமையாகப் பாடுவதும் உண்டு என்பதால், கண்ணைவிடக் காதையே நம்புவது நல்லது. பச்சை நிறம் மாறாத தண்டு மட்டும் முற்றாதது. அது நெடுநாள் வராது.

புதிய ரீட்டை முதல் நாளே மூன்று மணி நேர ஒத்திகைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து, அடுத்து இருபது என்று ஊதிப் பழக்க வேண்டும். குறைந்தது நான்கு ரீட்டுகளுக்குப் பென்சிலால் எண்ணிட்டு மாற்றி மாற்றி வாசித்தால், ஒன்று உடைந்த அன்று கலங்க நேராது. வாசித்து முடித்ததும் நீரில் அலசித் துடைத்து, தட்டையான பரப்புள்ள ரீட் பெட்டியில் வையுங்கள். மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் நுனி அலையலையாக நெளிந்துபோகும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் மூடிய பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். குளிரூட்டிய அறையிலோ ரீட் அளவுக்கு மீறிக் காயும். ஈரப்பதத்தை ஒரே அளவில் காக்கும் சிறு பைகளைப் பெட்டிக்குள் போட்டுவைத்தால் இரண்டுக்கும் பரிகாரமாகும்.

செயற்கை ரீட்டை இழிவாகப் பேசும் காலம் போய்விட்டது. கனடாவின் லெஜேர் போன்ற நிறுவனங்கள் செய்பவற்றை நனைக்க வேண்டியதில்லை என்பதால், ஒரே நிகழ்ச்சியில் கிளாரினெட்டையும் சாக்ஸபோனையும் மாற்றி மாற்றி எடுப்பவர்களுக்கு அவை பெரிய வரம். ஒன்றின் விலை ஒரு பெட்டி நாணல் ரீட்டின் விலையை எட்டும். ஆனால் பல மாதம் உழைக்கும். சூடேறினால் அவையும் இளகும் என்பதால், மேடை விளக்கின் கீழ் வாசிப்பவர் வீட்டில் பிடித்த எண்ணைவிடக் கால் எண் கூட்டி வாங்குவது பொருந்தும். சப்டோனில் மட்டும் நாணலின் மணல்போன்ற சொரசொரப்பு இவற்றில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆறு மாதம் ஒரே மவுத்பீஸில் வாசித்தபின், மேல் சுரங்கள் அடிக்கடி அடைபடத் தொடங்கினால் உதட்டுத் தசை வலுப்பெற்றிருக்கக்கூடும். அப்போது அரை எண் ஏறிப் பார்க்கலாம். அதற்கு முன், கையிலுள்ள ரீட் பழையதாகித் தளர்ந்ததால்தான் அப்படி ஒலிக்கிறதா என்று, அதே எண்ணில் புதிய ரீட் ஒன்றைக் கட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.