கடையை மூடாமல் டிசைனிலிருந்து ஓவியத்துக்கு மாறுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் டிசைனர் என்றால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், மசாலா பாக்கெட், நகைக்கடை நோட்டீஸ். இதிலேயே பல வருஷம் ஓட்டிவிட்டு "இனிமேல் பெயின்டிங்தான்" என்று கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கடையை மூடிவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த மாத வாடகையை நினைத்துக்கொண்டே வரைந்தால் கை விற்கிற படத்தைத்தான் தேடும், அப்புறம் பழைய வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெரிய ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். நம் தமிழ்நாட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் இல்லை, பத்திரிகை வேலை படுத்துவிடும் (ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் மட்டும் விடாது). அந்த இரண்டு மாதமும் ஓவியத்துக்கு. மற்ற நாட்களில் கடை திறக்குமுன் ஒரு மணி நேரம் போதும். ராத்திரி வேண்டாம், டியூப் லைட்டில் கலந்த பச்சை காலையில் வேறு பச்சையாக நிற்கும்.

முதல் பயிற்சிக்கு உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்று தேடிப் பிடியுங்கள், வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமென்டில் கலந்த ஆக்சைடு நிறத்தைக் கையால் ஊற்றிச் செய்வது அது, அதனால் ஒரே கல்லுக்குள் சிவப்பு இடத்துக்கு இடம் மாறும். அந்தச் சிவப்பை அக்ரிலிக்கில் கலந்து காகிதத்தில் ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் கல்லின் மேல் வைத்துப் பாருங்கள். இருண்டு போயிருக்கும், அக்ரிலிக் காயும்போது அடர்த்தியாகிற குணம் உடையது. கொஞ்சம் மஞ்சள், துளி வெள்ளை என்று மறுபடி கலக்க வேண்டும். மவுசால் ஒரு கிளிக்கில் நிறத்தை எடுத்துப் பழகிய நமக்கு இது பெரிய தண்டனைதான், ஆனாலும் நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் வெயிலில் பேலட் சட்டென்று காய்ந்துவிடும், பக்கத்திலேயே தண்ணீர் ஸ்பிரே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான். "சாமி படம் மேலே, தாய்மாமன் பேரு பெரிசா" என்று சொல்ல இங்கே கஸ்டமர் இல்லை. வெற்றுக் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தால் டிசைனர் கை தானாகவே எல்லாவற்றையும் நடுவில் வைக்கும், காலி இடத்தை நிரப்பும். எனவே நிபந்தனைகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: எட்டுக்குப் பத்து அங்குலம், வெள்ளை போக மூன்றே நிறம், ஒரே வளவு (செட்டிநாட்டு வீட்டின் தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்), காலையில் தூணின் நிழல் தரையில் சாய்கிற நேரம். அதையே திரும்பத் திரும்ப வரையுங்கள். அன்டூ கிடையாது, பிடிக்காத இடம் காய்ந்த பிறகு அதன்மேல் வரையலாம்.

அடுத்தது காசு. விலையைச் சதுர அங்குலக் கணக்கில் வையுங்கள், முகத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். முகப்பில் மாட்ட "எங்க ஐயா படத்தை வரஞ்சு தாங்க" என்று ஆச்சிமார் கேட்டு வருவார்கள், பத்திரிகை வேலைக்கு வாங்குவதுபோல் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்குத்தான். நீங்களாக வரைந்து விற்ற வளவுப் படம் அப்படியில்லை, எழுதிக் கொடுக்காதவரை உரிமை உங்களிடமே இருக்கும், அதை வைத்துக் காலண்டர் போட வேறு யாராவது நினைத்தால் உங்களிடம்தான் வர வேண்டும். இதைப் பில்லிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

காட்சிக்குச் சென்னை காலரிக்கு அலைவதற்கு முன்னால் கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளில் ஒரு சுவர் கேளுங்கள், வெளியூர்க்காரர்கள் தங்குகிற இடம் அது. கமிஷன் எத்தனை சதவீதம், படம் சேதமானால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் இழுக்கும், பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் சின்ன மரத்துண்டு ஒட்டி காற்றுக்கு இடம் விட்டு மாட்டுங்கள்.