முள்ளெலி என்று தேடினால் இந்த எலி கிடைக்காது

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னக் கொறிணி உண்டு. விலங்கியல் பெயர் பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ். மலபார் முள் எலி என்று வைத்துக்கொள்வோம். முதல் தவறு இந்தப் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. தமிழில் முள்ளெலி என்றால் அது வேறு ஆள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் இருப்பது, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வது. அது பூச்சி தின்னும் விலங்கு, எலி இனமே அல்ல. பெயரை மட்டும் போட்டுத் தேடிப் படம் எடுத்தால் பெரும்பாலும் அதுதான் வந்து நிற்கும்.

மலபார் ஸ்பைனி டார்மவுஸ் என்ற ஆங்கிலப் பெயரை நம்பினாலும் வழி தவறும். 1859-ல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். புசுபுசு வாலைப் பார்த்து டார்மவுஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கும் ஐரோப்பிய விலங்கான டார்மவுஸுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் சீனாவிலும் வியட்நாமிலும் உள்ள டைஃப்லோமிஸ் என்ற மர எலிகள்தான். எனவே அந்தக் குளிர்கால உறக்கக் கதையை இதன் தலையில் கட்டாதீர்கள்.

சரி, முள்? முள்ளம்பன்றியைக் கற்பனை செய்தால் ஏமாற்றம்தான். முதுகின் செம்பழுப்பு மயிருக்கு நடுவே தட்டையான மெல்லிய முட்கள் படிந்து கிடக்கும், அவ்வளவே. தரையில் வாழும் சுண்டெலிகளிலும் முள்மயிர் உள்ளவை இருப்பதால், முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வாலைப் பாருங்கள். சாதாரண எலிக்கு அது செதில் தெரியும் கயிறு. இதற்கோ பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, நுனிப்பக்கம் போகப் போக அடர்ந்து, முனை வெளுத்திருக்கும். உடல் 13, 14 சென்டிமீட்டர். வால் அதைவிடக் குட்டை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு குனிந்து தேடுவது. எலி என்ற சொல் நம் கண்ணைத் தரைக்கு இழுக்கிறது. இது மரத்தில் வாழ்வது, இரவில் நடமாடுவது. கீழே பொறி வைத்துவிட்டு, ஒன்றும் விழவில்லை, ஆகவே இங்கே இல்லை என்று எழுதுவது பொருந்தாத கணக்கு. கிளைகளிலும் கொடிகளிலும் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

மரத்தைக் கவனிக்காத நம்முடைய அதே பழக்கம் இதைக் காப்பாற்றுவதிலும் குறுக்கே வருகிறது. இலையும் பாசியும் பரப்பி இது கூடு அமைப்பது மரப்பொந்தில். நாமோ பொந்து விழுந்த மரத்தைத்தான் முதலில் வெட்டுகிறோம். 'பட்டுப்போன மரம், எதற்கும் ஆகாது' என்று. தோட்டத்து ஓரத்தில் அப்படி ஒன்று நின்றால், யார் தலையிலும் விழும் அபாயம் இல்லாதவரை நிற்கட்டும். அடுத்த மரத்தோடு கிளை கோத்திருந்தால் இன்னும் நல்லது. காடு துண்டு துண்டாகிவிட்ட இடத்தில், மரத்தைவிட்டு இறங்காத பிராணிக்கு ஒரு சாலைகூடப் பெரிய வேலிதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அழிய வாய்ப்புள்ள இனம்.

அப்புறம் மிளகு. பழுத்த மிளகைத் தின்பதால் மிளகெலி என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. அதற்காகக் கொடியில் ஒரு சரம் உருவப்பட்டிருந்தால் இதுதான் என்று தீர்ப்பெழுதி, விஷ உருண்டை வைத்துவிட வேண்டாம். புரோமாடையலோன் போன்ற எலி மருந்து தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடிப்பது ஆந்தைக்கும் மரநாய்க்கும் சுலபம், விஷம் அவற்றின் உடலிலும் ஏறும். எலி பிடிக்கிறவர்களையே கொன்றுவிட்டு எலித் தொல்லை குறையவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டமே எலிகளைக் காக்கையோடு சேர்த்துத் தொல்லை விலங்குப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு. பொந்துக்குள் குச்சி விடாதீர்கள். பளீரென்ற டார்ச்சை முகத்தில் நிறுத்தாதீர்கள். மரம் நிற்கும் இடத்தைப் படத்தோடு ஊருக்குச் சொல்லாதீர்கள்.

ஆண்டின் தொடக்க மாதங்களில் வெடிப்பலா மரத்தின் கிளைகளில் சதைப்பற்றுள்ள பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். இந்த எலிக்கு அவை நல்ல தீனி. ஆனால் காலையில் மரத்தடியில் கடித்துப் போட்ட பூக்களைப் பார்த்ததும் குறிப்பேட்டில் இதன் பெயரை எழுதிவிடாதீர்கள். சிங்கவால் குரங்கு, மலை அணில், பழுப்பு மரநாய், வௌவால் என்று அந்தப் பந்திக்கு வருகிறவர்கள் ஏராளம்.