ட்ரிப் ஆவதை நிறுத்தித் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆக, அதாவது தானாக ஆஃப் ஆக ஆரம்பித்தது. தெரிந்த கடைக்காரர் ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் இந்த சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து பத்து நிமிடம் ஏதோ செய்தார். "இனிமே ட்ரிப் ஆகாதுங்க" என்றார், 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னபடியே ட்ரிப் ஆகவில்லை. எட்டு மாதம் கழித்து ஃபேன் மாட்ட வந்த இன்னொருவர்தான் எனக்குக் காட்டினார்: ஆர்சிசிபிக்குள் போகும் ஒயரையும் வெளியே வரும் ஒயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அது சும்மா உட்கார்ந்திருந்தது. மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் கீசர் எலிமெண்டில் கரண்ட் லீக். அந்த எட்டு மாதமும் என் அம்மா அந்தக் குளியலறையில்தான் குளித்தார்.

வந்தவர் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் முதல் தவறு என்னுடையது. "ஏன் ட்ரிப் ஆகிறது என்று பாருங்கள்" என்று நான் கேட்கவில்லை. "ட்ரிப் ஆகாமல் செய்யுங்கள்" என்று கேட்டேன். கேட்டதைச் செய்துவிட்டுப் போய்விட்டார்.

ஆர்சிசிபி என்ன செய்கிறது என்று தெரிந்தால் யாரும் இப்படிக் கேட்க மாட்டோம். பேஸில் போகும் கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், அது ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு சப்ளையை வெட்டிவிடும். அதே பெட்டியில் இருக்கும் இன்னொரு சுவிட்சான எம்சிபியால் இதைச் செய்ய முடியாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு 30 மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. அது ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும் மட்டும்தான். எம்சிபி இருக்கிறதே, போதும் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

எல்லா ட்ரிப்பும் லீக்கால் வருவதில்லை என்பதும் உண்மை. இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து ட்ரிப் ஆகிறது என்றால், பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறு நியூட்ரலோடு கலந்திருக்கும். எங்கேயாவது நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். நல்ல எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி, மெக்கர் வைத்துத் தேடுவார். அதற்கு அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க நாம் முகம் சுளிப்பதால்தான், பத்து நிமிட ஆட்களுக்கு வேலை கிடைக்கிறது.

இதேபோல இன்னொன்று: ஏசி போட்டால் எம்சிபி ட்ரிப் ஆகிறது என்று சொன்னதும் 16-ஐ எடுத்துவிட்டு 32 மாட்டுவது. உள்ளே ஓடுவது 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் என்றால், இனி சூடாகப் போவது சுவருக்குள் இருக்கும் ஒயர். 32 ஆம்பியர் எம்சிபி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ஏசிக்கு, கீசருக்கு டிபியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். 4 ஸ்கொயர் போட்டால் கவலை இல்லை. எம்சிபியைப் பெரிதாக்கலாம் என்று ஒருவர் சொன்னால், "ஒயர் என்ன சைஸ்?" என்று கேளுங்கள். பார்க்காமலே பதில் சொல்கிறவரை அதோடு அனுப்பிவிடலாம்.

சரி, தகுதி உள்ளவரை எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ்நாட்டில் இதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம், சென்னை கிண்டியில் இருக்கிறது. மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர், மேற்பார்வையாளர் என்று தனித்தனிச் சான்றிதழ்கள் உண்டு. காண்ட்ராக்டருக்குத் தனி லைசென்ஸ். கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். புது இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் தேவைப்படும்போது மட்டும் லைசென்ஸ் உள்ளவரைத் தேடிப் போய், பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீட்டைப் பார்க்காமல் போட்ட கையெழுத்தால் வீட்டுக்கு என்ன பயன்? அதே காசுக்கு அவரை நேரில் வரச்சொல்லி, ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

லைசென்ஸ் இல்லாத கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முழு வீட்டு வேலைக்கு வருகிறவரை நான் இனி நம்ப மாட்டேன்.

பாயிண்ட் ரேட்டை (ஒரு லைட், ஃபேன், சாக்கெட்டுக்கு இவ்வளவு என்ற கூலியை) மட்டும் வைத்து ஆள் எடுப்பது அடுத்த தவறு. குறைந்த ரேட்டில் முதலில் காணாமல் போவது எர்த் ஒயர்தான். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் பச்சை ஒயர் வந்திருக்காது. பூசி முடித்த பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பேசும்போதே எத்தனை பாயிண்ட், எந்த சைஸ் ஒயர், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எர்த், எர்த் குழி யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒயரை ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பில்லோடு நீங்களே வாங்குவது நல்லது. பழைய வீடு என்றால் எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்துபோன குழி எர்த் குழியே இல்லை.

வேலை நடக்கும் அன்று மெயினை ஆஃப் செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் போனதும் அதுவே சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும். அதையும் அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஏணி மேல் நிற்பவர் மறந்தாலும், கீழே நிற்கிற நாம் சொல்லலாம். மீட்டர் சீலில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அது மின்வாரியத்தின் வேலை.

அப்புறம், பூச்சுக்கு முன் ஒயர் பைப் போகும் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும். கூலியில் ஒரு பகுதியைக் கடைசி நாளுக்கு நிறுத்தி வைத்து, அன்று அவரையே ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அடுத்து பிரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின் சாக்கெட்டுகளில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துக் காட்டட்டும். 230 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டாத சாக்கெட்டை அன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள்.